பின்னால் வந்தவள்

என் நாத்தனார் என்னைக் குழியில் தள்ளிவிட்டாள் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது பொய். அவள் தள்ளவில்லை. நான் குழியை நோக்கி நடப்பதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று அவள் சொல்வாள். கணுக்கால் என்னவோ ஒரே மாதிரிதான் உடைகிறது.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தச் சண்டை புரியாது. பார்வை இல்லாதவர்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி அது. குட்டியை முதலில் ஒரு வீட்டில் விட்டு வளர்ப்பார்கள். மனிதர்களோடு எப்படி இருப்பது என்று அங்கே கற்றுக்கொள்ளும். வளர்ந்ததும் பள்ளிக்குத் திரும்பும். அதன் தோளில் வாரைப் பூட்டி, வாரிலிருந்து எழும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடத்துவோம். படி வந்தால் நிற்க வேண்டும், கம்பம் வந்தால் ஆளையும் சேர்த்து விலக்க வேண்டும், முன்னால் குழி இருந்தால் எஜமானே போகச் சொன்னாலும் போகக் கூடாது. கடைசியில் பழக்கியவரே கண்ணைக் கட்டிக்கொண்டு நாயோடு நடப்பார். அப்போது பின்னால் ஒருவர் வருவார். அவருக்குக் காவல் என்று பெயர். உயிருக்கு ஆபத்து என்றால் ‘நில்’ என்று கத்துவது மட்டும்தான் அவர் வேலை.

நான் பழக்குகிறவள். என் நாத்தனார் தேர்வு செய்கிறவள். நான் மழையிலும் வெயிலிலும் நாயோடு சாவேன். அவள் ஒரு நாள் வந்து பார்த்து ‘இது தேறாது’ என்பாள். என் கணவரை எனக்கு அறிமுகப்படுத்தியதும் அவள்தான். பள்ளியில் நான் சேர்ந்த புதிதில் என்னைப் பிடித்துப்போய், “என் தம்பி பசு மாதிரி” என்றாள். அதில் பொய் இல்லை. பசுவை என்னிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. மாடியில் அவள், கீழே நாங்கள். தண்ணீர் மோட்டாரை யார் நிறுத்துவது, வாசல் விளக்கை யார் அணைப்பது என்று வீட்டில் ஒரு சண்டை முடிந்தால், பள்ளியில் அடுத்தது காத்திருக்கும். அவளை அக்கா என்றும் நீங்க என்றும்தான் இன்று வரை கூப்பிடுகிறேன். திட்டும்போதும் மரியாதை குறைந்ததில்லை.

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். எத்தனையோ நாய்களை நான் நிமிர்த்திக் காட்டியிருக்கிறேன், இந்த அம்மாளின் வாயை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் பழக்கிய ஒரு நாயைப் புறா பார்க்கிறது என்று தள்ளினாள். இன்னொன்றை விரித்த குடைக்குப் பயப்படுகிறது என்று தள்ளினாள். மூன்றாவதைத் தள்ளியபோது காரணம்கூட நன்றாகச் சொல்லவில்லை, “மனசுக்குப் படல” என்றாள். அதற்குப் பிறகு நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, அடுத்ததும் போனால் கூண்டு கழுவும் வேலைக்கு மாற வேண்டியிருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

அடுத்தது சமத்து. கறுப்புப் பெட்டை. அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவர் என் கணவர். அவர் தையல்காரர், முன்னறையில் மிஷின் போட்டு வேலை செய்கிறார். அவர் மிதிக்கிற கட்டைக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்து அது வளர்ந்தது. ஊளையிட்டதில்லை, செருப்பைக் கடித்ததில்லை, துணியில் மூத்திரம் போனதில்லை. அவர் எழுந்தால் எழும், அவர் நின்றால் நிற்கும். ‘சமத்து, சமத்து’ என்று அவர் கொஞ்சிக் கொஞ்சி அதுவே பெயராகிவிட்டது.

பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனதும் அதை எனக்கே கொடுத்தார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் கட்டம் வந்தபோது காவலுக்கு ஆள் இல்லை. பள்ளியில் எப்போதும் ஆள் இல்லை. சாயங்காலம் மிஷினை மூடிவிட்டு நான் வருகிறேன் என்றார் கணவர். வாயில் விரலை வைத்தால்கூடக் கடிக்கத் தெரியாதவர், பின்னால் நடப்பதற்கு அவரை விடப் பொருத்தமான ஆள் கிடையாது என்று நினைத்தேன். நாத்தனார் அன்றைக்கே மாடிப்படியில் நின்று சொன்னாள்.

“வளத்தவன் பின்னால வந்தா நாய் முன்னால பாக்காது. வேற ஆளப் போடு.”

வேறு ஆள் எங்கே இருக்கிறது, நீங்கள் வருகிறீர்களா என்று கேட்டேன். அவளுக்கு வேலை இருந்தது. யோசனை சொல்வதற்கு மட்டும் அவளுக்கு எப்போதும் நேரம் உண்டு.

சமத்து மாதிரி ஒரு நாயை நான் பழக்கியதே இல்லை. நடைபாதை முடியும் இடத்தில் ஒரு முழம் முன்னாலேயே நிற்கும். சாத்திவைத்த ஏணி, திறந்துகிடக்கும் கார்க் கதவு, தலையில் இடிக்கும் கிளை, எதையும் விட்டதில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு அதோடு நடக்கும்போது, பின்னால் என் கணவரின் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு சப்பக் சப்பக் என்று வரும். அந்தச் சத்தமும் நாயின் மூச்சும் சேர்ந்தால் எனக்குத் தூக்கமே வந்துவிடும், அவ்வளவு நிம்மதி.

அந்த நாய் பார்வை இல்லாத ஒரு வக்கீலம்மாவுக்கு என்று முடிவாயிற்று. காத்திருப்பவர்களில் அவர்தான் ரொம்ப நாளாகக் காத்திருந்தார். அவருடைய பழைய நாய் வயதாகிச் செத்த பிறகு, கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அவர் தம்பிதான் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். சமத்துவைப் பார்க்க வந்த அன்று அவர் அதைத் தடவிக்கூடக் கொடுக்கவில்லை.

“தம்பி முழங்கையப் பிடிச்சுக்கிட்டு நடக்கறேன். அவன் ஒண்ணும் சொல்றதில்ல. அவன் பெண்டாட்டி விடற பெருமூச்சு மட்டும் வாசல்லயே கேக்குது. எனக்குக் கொஞ்சறதுக்கு நாய் வேணாம். கோர்ட் ரோட்டத் தாண்ட வைக்கிற நாய் வேணும்.”

எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்டு, கணவரைப் பின்னால் வரச் சொல்லி, பள்ளி வளாகத்தைச் சுற்றி நடந்து காட்டினேன். வக்கீலம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், பின்னால் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தது யார் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் என்றேன். “ம்” என்றார். அந்த ‘ம்’மை நான் கண்டுகொள்ளவில்லை.

அவர் போன பிறகு நாத்தனார் ஜன்னலோரத்திலிருந்து வந்தாள். “அதோட காது பின்னால இருக்கு,” என்றாள்.

“கால் சரியான எடத்துல நிக்குதா இல்லையா?”

“நிக்குது. ஆனா முன்னால இருக்கறதப் பாத்து நிக்கல. பின்னால வர்றவன் தயங்கறதக் கேட்டு நிக்குது.”

இப்படியும் ஒரு காரணம் கண்டுபிடிக்க முடியுமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. புறா, குடை, மனசு எல்லாம் போய் இப்போது காது. நிர்வாகிக்கும் ஆச்சரியம்தான். நன்கொடை கொடுக்கிறவர்களைக் கூப்பிட்டு, வக்கீலம்மாவையும் நாயையும் நிற்கவைத்துப் போட்டோ எடுக்க அவர் நாள் குறித்திருந்தார். வேறு இரண்டு பேரைக் காவலுக்கு வைத்து நடக்கச் சொன்னார். சமத்து இரண்டு தடவையும் எல்லா இடத்திலும் நின்றது. நான் நாத்தனாரைப் பார்த்தேன். அவள் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

“அவங்க ரெண்டு பேருமே குழியக் கண்டதும் நடையக் கொறைச்சாங்க,” என்றாள் நிர்வாகியிடம். “எல்லாரும் கொறைப்பாங்க. மனுஷங்க தானே. ஒரே ஒரு தடவ நான் பின்னால வர்றேன்.”

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்கும். வாங்க, ஒரு தடவை என்ன, ஒன்பது தடவை வாங்க என்றேன்.

மறுநாள் காலை அவளே தெருவைத் தேர்ந்தெடுத்தாள். எனக்குத் தெரியாத தெருவாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆட்டோவிலிருந்து இறங்கும் முன்பே கண்ணைக் கட்டிக்கொண்டேன். வழக்கமாகச் சத்தமில்லாத கேன்வாஸ் ஷூ போடுகிறவள் அன்று அடி தடித்த தோல் செருப்பில் வந்திருந்தாள், டக் டக் என்று. பெரிய அதிகாரி என்ற நினைப்பு என்று மனதுக்குள் கரித்துக்கொட்டினேன். சமத்துவிடம் “முன்னே” என்றேன்.

நன்றாகத்தான் கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் என் கால் திடீரென்று காற்றில் இறங்கியது. நடைபாதை முடிந்துவிட்டது, நாய் நிற்கவில்லை. தடுமாறிச் சமாளித்தேன். பின்னால் டக் டக் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. இவள் வருகிறாள் என்றால் நாய்கூட நடுங்குகிறது என்று சொல்லிக்கொண்டேன். அப்புறம் ஒரு கம்பம் தோளை உரசியது. உரசியது என்ன, இடித்தது. அந்த இடத்தில் கண்கட்டை அவிழ்த்திருக்கலாம், யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவிழ்த்தால் அவள் ஜெயித்ததாக ஆகும். “முன்னே” என்றேன் இன்னும் பலமாக.

டக் டக் டக் டக். அந்த நடையில் ஒரு இம்மி மாற்றமில்லை. பிறகு எனக்குக் கீழே தெரு இல்லை.

கேபிள் புதைக்கத் தோண்டிய குழி. இடுப்பளவு ஆழம், அடியில் செங்கல் துண்டுகள். கால் மடங்கி விழுந்தபோது ஒரு சத்தம் கேட்டது, அது என் எலும்பு என்பது அப்புறம்தான் புரிந்தது. கண்கட்டைப் பிய்த்து எறிந்து மேலே பார்த்தேன். சமத்து கடைசி நொடியில் கால்களை ஊன்றிக் குழியின் விளிம்பில் நின்றிருந்தது. அது என்னைப் பார்க்கவில்லை. பின்னால் திரும்பி நாத்தனாரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ ஏன் நிற்கவில்லை என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. ஆனால் அதை அப்போது நினைக்கும் நிலையில் நான் இல்லை.

அவள் குழிக்கு மேலே வந்து நின்றாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“ஏன் கத்தல?” என்றேன்.

“கத்தியிருந்தா நாய் நின்னிருக்கும்,” என்றாள். “தானா நின்னுச்சுன்னு நீ சொல்லியிருப்ப.”

கூட்டம் கூடிவிட்டது. பின்னால் வந்தவள் கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள் என்று பழக்கடைக்காரர் கையை நீட்டி நீட்டிச் சொன்னார். ஒரு பெண் அவளைப் பார்த்துக் காறித் துப்பினாள். எனக்கு வலியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, இருந்தாலும் அந்தத் துப்பல் இனித்தது.

காலில் மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நிர்வாகி பழங்களோடு வந்தார். காவலுக்கு வந்தவர் கத்தாமல் இருந்தது பெரிய குற்றம் என்றார். நாத்தனாரை வேலையிலிருந்து நிற்கச் சொல்லியாயிற்று, வேண்டுமென்றே செய்தாள் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அது நிரந்தரமாகிவிடும். பகையோடு ஒருத்தி பின்னால் வந்தால் எந்த நாயும் குழம்பத்தான் செய்யும், அதனால் சமத்துவிடம் குறை இல்லை, போட்டோ குறித்த நாளில் நடக்கும். எல்லாவற்றையும் அவரே யோசித்து வைத்திருந்தார். எனக்கு அன்று சாப்பாடு ருசித்தது. மாடியில் அவள் நடக்கும் சத்தம் கேட்டபோது, நட, நன்றாக நட, இனி வீட்டுக்குள்ளேதானே நடக்கப்போகிறாய் என்று சொன்னேன். கணவர் மட்டும் குனிந்து சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கமா, என் பக்கமா என்று கேட்டேன். பொத்தான் பக்கம் என்றார்.

கட்டோடு படுத்துக் கிடப்பது எனக்குப் பழக்கமில்லை. சமத்துவை வீட்டில் விட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் ஊன்றுகோலை இடது அக்குளில் கொடுத்துக்கொண்டு, வலது கையில் வாரின் கைப்பிடியைப் பிடித்து, துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். முன்னறையிலிருந்து அடுக்களை வரை நீளமான நடை. நடுவில் தைக்க வந்த துணிமூட்டை கிடந்தது. கணவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வழக்கம்போலப் பின்னால் வந்தார், சப்பக் சப்பக். மூட்டைக்கு முன்னால் சமத்து அழகாக நின்றது. ஊன்றுகோலால் தட்டிப் பார்த்தேன், மூட்டையேதான்.

“பாத்தீங்களா உங்க அக்கா லட்சணத்த,” என்றேன்.

மூட்டையைச் சுற்றிக்கொண்டு மேலே நடந்தோம். நாலடி போயிருக்க மாட்டோம், சமத்து மறுபடியும் நின்றது. “முன்னே” என்றேன். நகரவில்லை. ஊன்றுகோலை வீசிப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. துண்டை மேலே தூக்கினேன். முன்னால் வெறும் தரை, அடுக்களை வரை ஒரு தூசு துரும்பு கிடையாது. சமத்துவின் இரண்டு காதும் பின்னால் மடிந்திருந்தன. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் ஒற்றைக்காலில் நின்று, தேய்ந்த செருப்பைத் துளைத்துக் காலில் ஏறிய குண்டூசியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பிடுங்கியாச்சா என்று கேட்டேன். ஆச்சு என்றார்.

“இப்போ நின்ன எடத்துலயே காலப் போடுங்க. நடக்கற மாதிரி. நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க.”

எதற்கு என்று கேட்காமல் போட்டார். சப்பக் சப்பக். சமத்து உடனே புறப்பட்டது. அதைத் திருப்பி முன்னறைப் பக்கம் விட்டேன், மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டேன். மூட்டையில் என் மாவுக்கட்டு இடித்தது. சமத்து அதைத் தாண்டி என்னை இழுத்துக்கொண்டு போனதில் தையல் மிஷினின் மூலையில் என் தொடை மோதியது. அவர் அலறிக்கொண்டு காலை நிறுத்தினார். அந்தக் கணமே நாயும் நின்றது. நின்று, நல்ல காரியம் செய்துவிட்ட சந்தோஷத்தில் அவரைத் திரும்பிப் பார்த்து வாலை ஆட்டியது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்தான் முதலில் பேசினார்.

“ஒவ்வொரு தடவையும் பயந்துக்கிட்டேதான் வருவேன். எங்க நீ போய் இடிச்சுப்பியோன்னு. கால் தானா நின்னுடும். நான் நிறுத்தறதில்ல.”

இந்த மனிதரை என்ன செய்வது. விரோதத்தால் கெட்ட நாய்களைப் பார்த்திருக்கிறேன், அடியால் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். இது அன்பால் கெட்டது. ஊரிலேயே நல்ல நாயை அவர் பயந்து பயந்தே கெடுத்தார், நான் அந்தச் சத்தத்தில் சொகுசாக நடந்து கெடுத்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை விட அதிகமாகக் கோபம் வந்தது. எல்லாவற்றுக்கும் மேல், மாடியில் நடக்கிறவள் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி என்பது வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது.

இதை அறிந்தவர்கள் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர். காதும் காதும் வைத்த மாதிரி இருந்துவிட்டால் நாத்தனாருக்கு வேலை போகும், எனக்கு வேலை நிலைக்கும், நிர்வாகிக்குப் போட்டோ கிடைக்கும். அந்த மத்தியானம் முழுக்க அந்தக் கணக்கைத்தான் போட்டேன், மறைக்க என்ன இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கணக்குக் கோர்ட் ரோட்டில் வந்து நின்றது. வக்கீலம்மாவுக்குப் பின்னால் யார் செருப்பைத் தேய்த்துக்கொண்டு போவார்கள்? பஸ் வரும்போது யார் பயந்து நிற்பார்கள்?

நானே அவருக்குப் போன் செய்தேன். இந்த நாயை உங்களுக்குக் கொடுக்க முடியாது என்றேன். அவர் சும்மா விடுவாரா. கோர்ட்டில் பேசுகிற வாய் முழுவதையும் என் காதில் இறக்கினார். காத்திருக்க வைத்தீர்கள், நாயைக் காட்டினீர்கள், நாளும் குறித்தீர்கள், இப்போது வீட்டுச் சண்டையில் என் தலையை உருட்டுகிறீர்கள் என்றார். தம்பியின் பெண்டாட்டியிடம் இதைப் போய் எப்படிச் சொல்வேன் என்று கேட்டபோது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்று கேட்டார்.

“நீங்க குழில விழுந்தப்போ அது என்ன பண்ணுச்சு?”

“திரும்பிப் பாத்துச்சு. பின்னால.”

“எனக்குப் பின்னால யாரும் இல்லியேம்மா,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

நிர்வாகியிடம் சொன்னதுதான் சுலபம். அவர் சிரிக்காமல் பேசியதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். கட்டுப் பிரித்ததும் கூண்டுப் பக்கம் வந்துவிடு என்றார். நாத்தனாரைத் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று, தேர்வு செய்ய அவருக்கு வேறு ஆள் இல்லை. சமத்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. மிஷினுக்குக் கீழே படுத்து, அவர் எழுந்தால் எழுகிறது, அவர் நின்றால் நிற்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை.

வேலைக்குத் திரும்பப் போகும் நாள் காலையில் அவள் படியிறங்கி வந்தாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு நான் முட்டாள் இல்லை. இருந்தாலும் வாசலை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“நான் உன்கிட்ட சாட்சி கேக்கலியே,” என்றாள்.

“உங்களுக்காகச் சொல்லல. வக்கீலம்மாவுக்காகச் சொன்னேன்.”

“அப்ப சரி.”

“கால ஒடச்சதுக்கு ஒரு வார்த்த உண்டா?”

அவள் என் மாவுக்கட்டைப் பார்த்தாள். “எலும்பு ஒட்டிடும்,” என்று சொல்லி ஊன்றுகோலைத் தாண்டிக்கொண்டு போனாள். அன்று மாலை தண்ணீர் மோட்டாரை நான் வேண்டுமென்றே நிறுத்தவில்லை.

எலும்பு ஒட்டியது, கொஞ்சம் கோணலாக. இப்போது லேசாக நொண்டுகிறேன். கூண்டு கழுவினேன், சாணி மாதிரி நாற்றமடிக்கும் துணிகளை அலசினேன், நாய்களைத் தவிர யாரோடும் பேசவில்லை. அவள் இதற்கிடையில் ஒரு செம்பட்டை நாயைத் தானே பழக்கத் தொடங்கியிருந்தாள். பரீட்சை வைக்கிறவள் பழக்கப் போகிறாளாம், ஆடத் தெரிந்தவளுக்குக் கூடம் நேராகத்தான் இருக்கிறதா பார்ப்போம் என்று நினைத்துக்கொண்டேன். நாய் வக்கீலம்மாவுக்கு என்று கேள்விப்பட்டபோது நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

ஒரு காலையில் கூண்டு வாசலில் வந்து நின்றாள். கையில் கண்கட்டு.

“காவலுக்கு வா.”

“பள்ளியில வேற ஆளே இல்லையா?”

“இருக்காங்க. யாரா இருந்தாலும் கடைசில கால் தயங்கிடும். உனக்குத்தான் என் மேல அவ்வளவு பாசம்.”

கையைக் கழுவிக்கொண்டு போனேன். தெருவை நான் தேர்ந்தெடுத்தேன். பாலத்துக்குப் பக்கத்தில் சாக்கடை மூடியைத் திறந்துபோட்டு வேலை செய்யும் தெரு. இடுப்பளவு இல்லை அது, ஆளை முழுங்கும் ஆழம். வேலையாட்களிடம் முன்கூட்டியே சொல்லி வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னேன். அவர்கள் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். காலில் அடி தடித்த செருப்பு மாட்டிக்கொண்டேன்.

அவள் “முன்னே” என்றாள். செம்பட்டை புறப்பட்டது. நான் பின்னால் நடந்தேன். நொண்டி நடைதான், ஆனால் ஒரே நொண்டி. டக்கு டக், டக்கு டக். நடைபாதை முடிந்த இடத்தில் நாய் நின்றது, என் செருப்பு நிற்கவில்லை. கம்பத்தை விலகியது. அதன் காதுகள் முன்னால் நிமிர்ந்திருந்தன. ஆனால் காதை நம்பி யார் உயிரைக் கொடுப்பது.

திறந்த மூடி தெரிந்தது. அவளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கடை அகலம்கூட இல்லை. எத்தனை வருடமாக இவளை நான் இப்படி ஒரு குழியின் முன்னால் நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறேன். இப்போது தானே அதை நோக்கி நடக்கிறாள், எனக்கோ கால் கனத்தது. தூக்கி வைத்தேன். டக்கு டக். முதுகு நேராக, தோள் தளர்ந்து, நாயை நம்பி நடந்துகொண்டிருந்தாள். ஒருவேளை என்னையும் நம்பி. ‘நில்’ என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். டக்கு டக். கடித்த பல்லை விடவில்லை. டக்கு டக்.

செம்பட்டை நின்றது.

அவள் “முன்னே” என்றாள். அது நகரவில்லை. உடம்பைக் குறுக்கே போட்டு அவள் முழங்காலை அழுத்தித் தடுத்தது. நான் நடையை நிறுத்தாமல் அவள் தோளுக்குப் பின்னால் வரை வந்து, நின்ற இடத்திலேயே காலைப் போட்டுக்கொண்டிருந்தேன். நாய் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதன் கண் குழியின் மேல்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் நின்றேன்.

அவள் கண்கட்டை அவிழ்க்கவில்லை. ஒரு காலை நீட்டி, செருப்பு நுனியால் மூடியின் விளிம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு விளிம்புக்கு அப்பால் இருந்த வெறுமையையும்.

“நாய் நிக்காம இருந்திருந்தா?” என்றாள்.

“விழுந்திருப்பீங்க.”

“கத்தியிருக்க மாட்ட?”

வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அதை முழுங்கினேன்.

“மாட்டேன்.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நாயின் கழுத்தை ஒரு தரம் தட்டிக் கொடுத்தாள்.

“அப்ப வக்கீலம்மாவுக்கு நீயே போன் பண்ணு,” என்றாள்.